குவாண்ட் என்பவர் என்ன செய்கிறார்? கொழும்பில் நிதிக் கணிதம் ஒரு தொழிலாக

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் மதில்களில் ஒட்டியிருக்கும் டியூஷன் விளம்பரங்களில் இணைந்த கணிதத்துக்குத் தனி இடம் உண்டு. உயர்தரத்தில் அந்தப் பாடத்தை நன்றாகச் செய்யும் பிள்ளைக்கு வீட்டார் நினைத்து வைத்திருக்கும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான்: மொறட்டுவை, பொறியியல். இசட் புள்ளி சற்றுக் குறைந்து பௌதிக விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குப் போக நேர்ந்தால் வீடு சோர்ந்துபோகிறது. "கணிதம் படிச்சு என்ன செய்யிறது, ரீச்சிங் தானே?" என்று உறவினர் கேட்பார்கள். ஆசிரியத் தொழிலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே கணிதம், அதே நிகழ்தகவு, கோட்டையிலும் ராஜகிரியவிலும் மாலபேயிலும் உள்ள அலுவலகங்களில் நாள் முழுவதும் புழங்குகிறது என்பதை அந்த வீடுகளுக்கு யாரும் சொல்வதில்லை.

அந்த வேலையைச் செய்பவரைத் துறைக்குள் குவாண்ட் என்பார்கள். நிதிச் சந்தையிலும் வங்கியிலும் எழும் கேள்விகளுக்குக் கணிதத்தாலும் புள்ளிவிபரவியலாலும் கணினி நிரலாலும் விடை தேடுபவர் அவர். கேள்விகள் மூன்று வகை. இந்த ஒப்பந்தத்துக்கு நியாயமான விலை என்ன? இதை வைத்திருந்தால் எவ்வளவு இழக்க நேரலாம்? எதை எப்போது வாங்கி விற்கலாம்? மூன்றாவது கேள்விதான் வெளியாருக்குக் கவர்ச்சியாகத் தெரியும். கொழும்பில் கிடைக்கும் வேலைகளில் பெரும்பங்கு முதல் இரண்டையும் சேர்ந்தது.

வரலாறு நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1900 இல் பாரிஸில் லூயி பஷலியே என்ற மாணவர், விலைகளின் எழுமாற்று அசைவைக் கணிதமாக எழுதித் தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அப்போது அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973 இல் பிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் ஒப்ஷன் எனப்படும் ஒப்பந்தத்துக்கு விலை கணிக்கும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். ரொபர்ட் மேர்ட்டன் அதே ஆண்டில் அதன் கணித அடித்தளத்தை விரித்தார். சிக்காகோவில் ஒப்ஷன்களுக்கான தனிச் சந்தை திறந்ததும் அதே ஆண்டுதான். பிறகு இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள் அணி அணியாக வோல் ஸ்ட்ரீட்டுக்குப் போனார்கள். 1997 இல் ஷோல்ஸுக்கும் மேர்ட்டனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே, அவர்கள் இருவரும் பங்காளிகளாக இருந்த லோங் டேர்ம் கப்பிட்டல் மனேஜ்மென்ட் நிதியம் சரிந்து, பெரிய வங்கிகள் கூடிக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு வந்தது. இந்தத் தொழிலுக்கு வருபவர் இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒன்றாகவே நினைவில் வைக்க வேண்டும். மொடல், அதாவது நிலைமையைக் கணிதத்தில் எழுதும் வடிவம், கட்டுவது வேலையின் ஒரு பாதி. அது எந்த நிலைமையில் பொய்த்துப்போகும் என்று அறிந்து, உரியவரிடம் உரிய நேரத்தில் சொல்வது மறுபாதி. எனக்கு அந்த மறுபாதிதான் பெரிதாகப் படுகிறது.

அடகுச் சீட்டுக்குள் ஒரு ஒப்ஷன்

ஒப்ஷன் என்றால் என்ன? ஒன்றைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. அந்த உரிமைக்கு ஒரு விலை. கொழும்புப் பங்குச் சந்தையில் ஒப்ஷன் வர்த்தகம் வேரூன்றவில்லை. அதனால் இது நமக்குத் தொடர்பில்லாத சங்கதி என்று நினைக்கத் தோன்றும். நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும், அதை நாம் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருகிறோம்.

100,000 ரூபா பெறுமதியான நகையை ஒருவர் வங்கியில் வைத்து 80,000 ரூபா வாங்குகிறார் என்று கொள்வோம். ஆண்டு வட்டி 16 சதவீதம். ஒரு வருடம் கழித்து அவர் கட்ட வேண்டியது 92,800 ரூபா. தங்கத்தின் விலை ஏறியிருந்தால் காசைக் கட்டி நகையை மீட்பார். விலை 72,000 ரூபாவுக்கு இறங்கியிருந்தால்? 92,800 கட்டி 72,000 ரூபா நகையை மீட்பதில் காசுக் கணக்குப்படி லாபம் இல்லை. விட்டுவிடலாம். முடிவெடுக்கும் உரிமை நகைக்காரர் கையில். 20,800 ரூபா நட்டம் வங்கியின் தலையில். அதாவது கடன் கொடுத்த அன்றே வங்கி, தன்னை அறியாமல், தங்கத்தின் மீது ஒரு விற்பனை ஒப்ஷனை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அதன் விலையை வட்டிக்குள் சேர்த்திருந்தால் தப்பலாம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2013 இல் உலகச் சந்தையில் தங்கம் ஏறக்குறைய 28 சதவீதம் வீழ்ந்தது. பல வருடங்களாக ஏறிக்கொண்டே வந்த விலையை நம்பித் தாராளமாக அடகுக் கடன் கொடுத்திருந்த இலங்கை வங்கிகள் பலத்த அடி வாங்கின. 2014 இல் மத்திய வங்கி அடகுக் கடன்களுக்கென ஓர் உத்தரவாதத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. 2022 இல் நிலைமை நேரெதிர். ரூபா விழுந்ததால் ரூபாக் கணக்கில் தங்கம் உச்சத்துக்குப் போய், ஈடு வைத்த நகை கடனை விட மிக வலுவாக நின்றது.

பிளாக் ஷோல்ஸ் சூத்திரத்துக்கு ஐந்து எண்கள் போதும்: இன்றைய விலை, ஒப்பந்த விலை, மீதிக் காலம், வட்டி வீதம், விலையின் ஏற்ற இறக்க அளவு. முதல் நான்கும் கண்ணுக்குத் தெரியும். ஐந்தாவதை மதிப்பிட வேண்டும், தொழிலின் பாதிப் போராட்டம் அதில்தான். ஆனால் அடகுக் கடையில் ஆறாவதாக ஒன்றும் இருக்கிறது. தாலிக்கொடியையும் அம்மாவின் காப்பையும் மக்கள் நட்டத்துக்கும் மீட்கிறார்கள். காசுக் கணக்கு "விடு" என்று சொன்னாலும் விடமாட்டார்கள். இதை எந்தச் சமன்பாடும் தானாகச் சொல்லாது. பழைய சீட்டுகளின் பதிவுகளில் தேட வேண்டும்: எந்தக் கிளையில், எந்த மாதத்தில், எந்த நிறையுள்ள நகைகள் எவ்வளவு சதவீதம் மீட்கப்பட்டன? சித்திரைக்கும் தைக்கும் இடையில் வேறுபாடு உண்டா? நல்ல குவாண்ட் சூத்திரத்தோடு இந்தக் கேள்விகளையும் கேட்பார். இங்கு வாழ்ந்த ஒருவருக்கு அது இயல்பாக வரும்.

கொழும்பில் இந்த வேலை எங்கே இருக்கிறது

வங்கிகளின் இடர் முகாமைத்துவப் பிரிவு முதலாவது. 2017 முதல் இலங்கை வங்கிகளுக்கு பேசல் 3 எனப்படும் சர்வதேச மூலதன விதிகள் வந்தன; 2018 ஜனவரி முதல் எஸ்எல்எப்ஆர்எஸ் 9 (இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9) என்ற கணக்கீட்டு நியமம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை கடன் அறவிட முடியாமல் போன பிறகே நட்டம் எழுதினார்கள். புதிய நியமம், கடன் கொடுத்த நாளிலேயே எதிர்பார்க்கும் இழப்பைக் கணித்து ஒதுக்கச் சொல்கிறது. கணக்கு இப்படி: 10 இலட்சம் ரூபா கடன், அடுத்த 12 மாதத்தில் கட்டாமல் விடும் நிகழ்தகவு 4 சதவீதம், விட்டால் இழக்கக்கூடிய பங்கு 45 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 18,000 ரூபா. கடனின் தரம் கணிசமாகக் கெட்டால் (தவணை 30 நாள் தாமதித்தாலே பெரும்பாலும் அப்படிக் கொள்ளப்படும்) 12 மாதத்துக்குப் பதிலாகக் கடனின் முழு ஆயுளுக்கும் கணிக்க வேண்டும். அந்த 4 சதவீதத்தை யார் சொல்வது? வீட்டுக் கடனுக்கும் ஓட்டோ லீசிங்குக்கும் கடனட்டைக்கும் வேறு வேறு எண்கள். அவை பணவீக்கத்தோடும் வட்டியோடும் எப்படி மாறும் என்பதற்கும் மொடல் வேண்டும். எண் ஒரு புள்ளி மாறினால் வங்கியின் ஆண்டு இலாபமே மாறும். இந்தக் கணக்குக்கு வெளியாரின் மென்பொருள் பொதிகளை வாங்கிப் பயன்படுத்தும் வங்கிகளும் உண்டு, தாமே செய்பவையும் உண்டு. தாமே செய்யும் இடத்தில்தான் ஒருவர் தொழில் கற்கலாம்.

இரண்டாவது, வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இங்கிருந்து நடக்கும் பகுப்பாய்வு. 2003 இல் தொடங்கிய அம்பா ரிசேர்ச் இதில் முன்னோடி. 2013 இல் கடன் தரப்படுத்தல் நிறுவனமான மூடிஸ் அதை வாங்கியது, 2019 இல் அது அக்குயிட்டி நொலேட்ஜ் பார்ட்னர்ஸ் என்ற பெயரைப் பெற்றது. லண்டன், நியூயோர்க் வங்கிகளின் மொடல்களைச் சரிபார்ப்பது, அறிக்கை எழுதுவது, தரவைத் துப்புரவாக்குவது என வேலை விரியும். மூன்றாவது, சந்தைத் தொழில்நுட்பம். 1996 இல் இங்கு பிறந்த மிலேனியம் ஐடியை 2009 இல் லண்டன் பங்குச் சந்தை 3 கோடி டொலருக்கு வாங்கியது. 2011 முதல் லண்டன் சந்தையின் பங்கு வர்த்தகமே மாலபேயில் பிறந்த மென்பொருளில் ஓடியது. இந்தச் செய்தி நம் பாடசாலைகளில் ஏன் இன்னும் உரக்கச் சொல்லப்படுவதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. காப்புறுதி நிறுவனங்களும் மத்திய வங்கியும்கூடக் கணிதப் பட்டதாரிகளை எடுக்கின்றன. லண்டன் வங்கியின் வர்த்தக மேசையில் உட்கார்ந்து விலை கணிக்கும் வேலையோ, தானியங்கி வர்த்தக உத்தி வகுக்கும் வேலையோ இங்கு அரிது. அதை விரும்புபவர் சிங்கப்பூரையோ லண்டனையோ நோக்கித்தான் போக வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு வேலையில் நேரமும் ஒரு விடயம். லண்டன் சந்தை திறக்கும்போது இங்கு கோடையில் பிற்பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. நியூயோர்க் திறக்கும்போது இரவு 7 அல்லது 8 மணி. கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாத வேலை நேரத்தை வீடு ஏற்றுக்கொள்ளாததால் கெட்டிக்காரப் பெண்பிள்ளைகள் இந்த வாய்ப்புகளை விடுவதைக் காண்கிறோம். இரவுப் போக்குவரத்தை நிறுவனம் பொறுப்பேற்கிறதா என்று நேர்முகத் தேர்விலேயே தயங்காமல் கேட்க வேண்டும்.

2022 சொல்லித் தந்தது

கொழும்பில் இந்தத் தொழிலைக் கற்பவருக்கு உலகின் எந்தப் பல்கலைக்கழகமும் தர முடியாத பாடம் ஒன்று கைவசம் இருக்கிறது.

2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை டொலரின் உத்தியோகபூர்வ விலை 200 ரூபாவுக்குச் சற்று மேலே கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. அந்த ஆறு மாதத் தரவை எடுத்து நியம விலகலை, அதாவது விலை எவ்வளவு அசைந்தது என்ற அளவை, கணித்துப் பாருங்கள். ஏறக்குறையப் பூச்சியம் வரும். வேல்யூ அட் ரிஸ்க் எனப்படும் வழமையான இடர் அளவீடு பழைய அசைவுகளை வைத்தே நாளைய இழப்பைச் சொல்லும். அசைவே இல்லாத தரவைக் கொடுத்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லும். மார்ச் 7 ஆம் திகதிக்குப் பிறகு விலையை நெகிழவிட்டார்கள். மே மாதத்தில் டொலர் 360 ரூபா அளவில் நின்றது. மொடல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கொடுத்த தரவுக்குள் உண்மை இருக்கவில்லை.

உண்மை வேறிடத்தில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாறும் வழியில், காசு எடுக்கும் எந்த வீட்டுக்கும் வங்கி வீதத்துக்கும் உண்டியல் வீதத்துக்கும் உள்ள இடைவெளி விரிந்துகொண்டு போவது தெரிந்தே இருந்தது. அந்த இடைவெளிதான் வரப்போகும் வீழ்ச்சியின் அளவைக் காட்டிய தரவு. அது எந்த உத்தியோகபூர்வ அட்டவணையிலும் இல்லை. குவாண்ட் தன் மேசையை விட்டு எழுந்து சந்தைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வட்டிப் பக்கமும் அப்படியே. 2022 ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. நான்கு நாளில், ஏப்ரல் 12 இல், வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவிப்பு. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அரசு குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரமான திறைசேரி உண்டியலில், மூன்று மாத உண்டியலின் விளைவு (அதில் கிடைக்கும் ஆண்டு வட்டி) 30 சதவீதத்தைத் தாண்டியது. ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி தரும் ஐந்து வருட முறி (நீண்ட காலக் கடன் பத்திரம்) ஒன்றை 100 ரூபாவுக்கு வாங்கியிருந்தீர்கள். சந்தை இப்போது 25 சதவீதம் கேட்கிறது என்றால் அந்த முறியின் விலை 60 ரூபாவுக்குச் சற்றுக் கீழே. அரசு முறி, பாதுகாப்பானது என்று நினைத்து வைத்திருந்த ஒன்றில் 40 ரூபா காணாமல் போகிறது. இந்தக் கணக்கு உயர்தர மாணவர் அறிந்த பெருக்கல் விருத்தியால் செய்யக்கூடியது.

கடன் மொடல்களிலும் ஓட்டை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் சுற்றுலாத் துறைக்கும், 2020 இல் கொரோனாவுக்குப் பின் பரவலாகவும் தவணைச் சலுகை கொடுத்தார்கள். மக்களுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அந்தக் காலத்தில் கட்டாத தவணை, கட்டாததாகப் பதிவாகவில்லை. அதை அப்படியே மொடலுக்கு ஊட்டினால் இலங்கையில் மிக நல்ல கடனாளிகள் 2020 இல் இருந்தார்கள் என்று விடை வரும். எந்த மாதத் தரவை நம்பலாம், எதை ஒதுக்கலாம், ஒதுக்கியதற்கு என்ன காரணம் என்று எழுதி வைப்பதில் வாரங்கள் போகும். வேலை நாளின் பெரும்பகுதி இப்படித்தான் கழிகிறது.

சரிபார்ப்பவர்

ஒருவர் கட்டிய மொடலை இன்னொருவர் சுயாதீனமாகச் சோதிப்பது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 2011 இல் அமெரிக்க மத்திய வங்கி இதற்கென வழிகாட்டல் வெளியிட்ட பிறகு தேவை பெருகியது. அடுத்த ஆண்டே அதன் அவசியம் தெரிந்தது: ஜேபி மோர்கன் வங்கியின் லண்டன் பிரிவு 600 கோடி டொலருக்கு மேல் இழந்தது. வங்கியின் சொந்த விசாரணையில் தெரியவந்தவற்றுள் ஒன்று, புதிய இடர் மொடல் எக்ஸெல் தாள்களில் கையால் வெட்டி ஒட்டி ஓட்டப்பட்டது என்பது. ஒரு சூத்திரத்தில் இரு எண்களின் சராசரியால் வகுப்பதற்குப் பதில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். ஏற்ற இறக்க அளவு குறைவாகக் காட்டியது. இடர் சிறிதாகத் தெரிந்தது.

சரிபார்ப்பவருக்குக் கணிதம் போலவே துணிவும் வேண்டும். மேலாளர் விரும்பும் எண் ஒன்று, தரவு சொல்லும் எண் வேறு என்ற நிலை வரும். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ தம்பி" என்று மெல்லச் சொல்வார்கள். எண்ணை மாற்றாமல், ஏன் மாற்ற முடியாது என்பதை அவருக்கு விளங்கும்படி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பவரே இந்தத் தொழிலில் மதிக்கப்படுகிறார்.

வருபவருக்கு

நேரியல் அட்சரகணிதம், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல், வகையீட்டுச் சமன்பாடு ஆகியவை அடித்தளம். ஒப்ஷன் விலை கணிக்க எண்ணினால் எழுமாற்றுச் செயன்முறைகளின் நுண்கணிதமும் வேண்டும். நிரல்மொழியில் பைதனும், தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் எஸ்கியூஎல்லும் கட்டாயம். வேகம் முக்கியமான இடங்களில் சி பிளஸ் பிளஸ். கொழும்பு, யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர எதில் கணிதமோ புள்ளிவிபரவியலோ படித்தாலும் வழி உண்டு. மொறட்டுவையில் நிதிக் கணிதத்தில் முதுமாணிப் படிப்பும் இருக்கிறது. எப்ஆர்எம் (நிதி இடர் முகாமைத்துவம்), சிஎப்ஏ (முதலீட்டுப் பகுப்பாய்வு) போன்ற தொழில்சார் பரீட்சைகள் கதவைத் தட்ட உதவும். கட்டணம் டொலரில் என்பதால் முதல் வேலையில் சேர்ந்து, நிறுவனம் செலவைப் பொறுப்பேற்குமா என்று பார்த்து எழுதுவது புத்தி. சீமா எனப்படும் முகாமைத்துவக் கணக்கியலும் சார்ட்டர்ட் கணக்கியலும் நல்ல தகைமைகள்தான், ஆனால் அவை இந்த வேலைக்கான கணிதத்தைத் தரா.

நேர்முகத் தேர்வில் புதிர்க் கணக்குக் கேட்பார்கள். நாணயம் ஒன்றைச் சுண்டிக்கொண்டே போனால் அடுத்தடுத்து இரு தலை வரச் சராசரியாக எத்தனை தடவை வேண்டும்? 6. தலைக்கு அடுத்துப் பூ வர? 4. இரண்டுக்கும் விடை ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று முதலில் தோன்றும். ஏன் இல்லை என்று உரக்க யோசித்துக் காட்டுவதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். தமிழ் மொழி மூலம் படித்து வந்தவர்கள் இங்கே தடுமாறுவது கணிதத்தில் இல்லை, யோசனையை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்வதில். முதலில் தமிழில் நண்பருக்கு விளக்கி, பிறகு ஆங்கிலத்தில் விளக்கிப் பழகினால் சில மாதங்களில் அது வசப்படும்.

சம்பளத்தைப் பற்றி ஒன்று. டொலரோடு இணைந்த சம்பளம் தரும் நிறுவனங்களுக்கும் உள்ளூர் வங்கிகளுக்கும் இடையிலான இடைவெளி 2022 க்குப் பிறகு விரிந்துவிட்டது. பலர் நாட்டை விட்டும் போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இழப்பு உண்மையானது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியின் முறிகள் நீண்ட கால முறிகளாக மாற்றப்பட்டபோது, உழைப்பாளியின் பணத்துக்கு இன்றைய பெறுமதியில் எவ்வளவு குறைகிறது என்ற கேள்விக்குத் தமிழில் தெளிவாகக் கணக்குப் போட்டுக் காட்ட ஆட்கள் மிகக் குறைவு. 2024 டிசம்பரில் சர்வதேச முறிகள் மாற்றப்பட்டபோது, பொருளாதார வளர்ச்சியோடு பிணைந்த புதுவகை முறிகள் வந்தன. 2025 முதல் 2027 வரையான காலத்தில் நாட்டின் மொத்த உற்பத்தி டொலர்க் கணக்கில் குறித்த மட்டத்தைத் தாண்டினால் நாம் கூடுதலாகக் கட்ட வேண்டும், குறைந்தால் குறைவாக. டொலர்க் கணக்கு என்பதால் ரூபா வலுத்தாலே கடன் சுமை கூடலாம். இதுவும் ஓர் ஒப்ஷன்தான், அடகுச் சீட்டில் இருப்பதைப் போல. இந்தக் கடன் மறுசீரமைப்பில் அரசுக்கு லஸார்ட் என்ற வெளிநாட்டு நிதி ஆலோசனை நிறுவனம் துணை நின்றது. அடுத்த முறை அந்த மேசையில் நம் பல்கலைக்கழகங்களில் படித்தவர்களும் உட்கார வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தொடங்க நினைப்பவருக்குத் தேவையான தரவு இலவசமாகவே கிடைக்கிறது. மத்திய வங்கி வாராந்தத் திறைசேரி உண்டியல் ஏலங்களின் முடிவுகளைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. 3, 6, 12 மாத விளைவுகளை 2021 தொடக்கம் இன்றுவரை பைதனில் வரைந்து பாருங்கள். மூன்று மாத வட்டி பன்னிரண்டு மாத வட்டியை எந்த வாரத்தில் முந்தியது, எப்போது மீண்டும் பின்னால் போனது, அந்த வாரங்களில் நாட்டில் என்ன நடந்தது என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.